முன்னிருக்கையில் ஆள்

ஜும்பேர் சொன்ன நோய்க்குறி இது:
தனியாக ஓட்டினால் ரேடியோ ஊமை.
லமாரா ஏறி உட்கார்ந்தால்
ஸெஸ்தஃபோனி பாலம் தாண்டுமுன்னே பாட்டு.

'ரேடியோவும் அவள் கட்சி' என்றான்.
சிரிக்கவில்லை.
முப்பத்தோரு வருடக் கல்யாணம்,
நாற்பத்தாறு வருட வோல்கா.
எதில் கோளாறு என்று கேட்கிற ஆள் நானில்லை,
ஒயர் மட்டும் பார்ப்பவன்.

முதலில் ஃப்யூஸ். நன்றாகத்தான் இருந்தது;
கை சும்மா இருக்காமல் முனையைச் சுரண்டி விட்டேன்.
இந்த ஊரில் எதைத் திறந்தாலும்
ஆலையின் கரும்தூசி.
ரேடியோவின் முதுகில் பன்னிரண்டு புள்ளி மூன்று வோல்ட்.
எர்த் திருகு இறுக்கம்.
அலைவரிசைக் கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு எரிகிறது,
திருகினால் முள் நகர்கிறது.
உயிர் இருக்கிறது, குரல்தான் இல்லை.

அப்படியானால் ஸ்பீக்கர்,
பின்கண்ணாடி அடியில், வெயிலில் வெளுத்த பலகைக்குள்.
டார்ச் பேட்டரி ஒன்றை அதன் காலில் தொட்டேன்:
'டப்'.
நல்ல இதயம்.
மிச்சம், நடுவே ஓடும் இரட்டை ஒயர்.
கம்பளத்தின் கீழே,
முன்னிருக்கையின் காலைச் சுற்றி.
அங்கே வைத்த மீட்டரின் முள்
செத்ததுபோல் கிடந்தது.

ஆள் வேண்டும் என்றால் ஆள் வைப்போம்.
இருபத்தைந்து கிலோ உருளைக்கிழங்கு மூட்டை.
ஒன்றுமில்லை.
மேலே இன்னொன்று.
ஒன்றுமில்லை.
மூன்றாவதை ஸாஸா மூச்சிரைக்கத் தூக்கி வைத்ததும்
முள் துள்ளி நாலு ஓமில் நின்றது.
ரேடியோவைத் திருகினேன்,
கார் முழுக்க வானிலை அறிக்கை:
மேற்கே மழை.

'ஆக மொத்தம் எத்தனை கிலோ?'
'எழுபத்தைந்து.'
'அவளிடம் சொல்லித் தொலைக்காதே.'

இருக்கையைக் கழற்றினேன். நாலு போல்ட்டில்
மூன்று வந்தது, ஒன்றுக்கு மண்ணெண்ணெயும் வசவும் தேவைப்பட்டது.
கம்பளத்தடியில் வால்நட் ஓடுகள், ஒரு ஹேர்பின்,
செல்லாத ரூபிள் காசு,
தண்டவாளம் நசுக்கிய ஒயர்.
வெளித்தோலில் கீறலில்லை. உள்ளே செம்பு அறுந்து
இரண்டு நுனியும் நகக்கண் தூரத்தில்
முகம் பார்த்துக் கிடந்தன.
மேலே கனம் விழுந்தால் தொடும்,
எழுந்தால் விலகும்.

வெட்டி, முறுக்கி, ஈயம் வைத்து, உறை மாட்டி,
கதவோரமாக வேறு வழியில் இழுத்தேன்.
கூலி இருபது லாரி,
ஐந்து லிட்டர் கேனில் அவன் தோட்டத்து வெள்ளை ஒயின்.
தனியாக ஓட்டிப் போனான்.
தெருமுனை திரும்பிய பிறகும் பாட்டு கேட்டது.

மூன்று வாரம் கழித்து வாசலில் வோல்கா.
'நன்றாக வேலை செய்கிறது' என்றான்
புகார் சொல்கிற குரலில்.
லமாரா இப்போது சந்தைக்கு வருவதில்லையாம்.
முன்பு எந்தச் சண்டையானாலும்
'நான் இல்லாமல் உன் ரேடியோ பாடுமா?'
என்று வந்து ஏறிக்கொள்வாளாம்.
இனி என்ன சொல்லி ஏறுவாள்?

அதற்கான மீட்டர் என்னிடம் இல்லை என்றேன்.
ஒயின் புளித்திருந்ததையும் சொல்லியிருக்கலாம்,
சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை இருவருமே வந்தார்கள்.
'திரும்பவும் ஊமை' என்றான்
என் கண்ணைப் பார்க்காமல்.
ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தேன்.
ஒரு குழி காலி.
அவன் சட்டைப்பையில்
எட்டு ஆம்பியர் அளவுக்கு ஒரு புடைப்பு.

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.
'பழைய நோய்தான். ஆள் உட்கார வேண்டும்.'

லமாரா குனிந்து
இருண்ட கண்ணாடியைப் பார்த்தாள்.
'போன தடவை விளக்காவது எரிந்தது.'
ஸாஸா ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்தான்,
ஏற்கனவே துடைத்த ஸ்பானர்.

அவள் ஏறினாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.
ஒரே அடியில் சாத்தாத அந்தக் கதவை
ஒரே அடியில் சாத்தினாள்.

'மாட்டு அதை' என்றாள் அவனிடம்,
'நேரமானால் நல்ல பாலாடைக்கட்டி கிடைக்காது.'