வெள்ளை வேண்டாம்

மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறை.
கனடா போன மகனுடையது.
பழைய சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.
"வாடகைக்கு விட மனசில்ல, சும்மா அடிச்சு வைங்க, சிலோன்காரரே"
என்றார் கலியபெருமாள் சார்.
என் பெயர் நகுலேசன்.
அதை முகாம் தணிக்கையில்தான் முழுசாகக் கூப்பிடுவார்கள்.

பதினாறு வயதில் வந்த புதிது.
குள்ளஞ்சாவடிக் கடையில் சவர்க்காரம் கேட்டேன்.
கடைக்காரர் சர்க்கரையை எடுத்து நிறுத்தார்.
பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்,
கெட்ட சிரிப்பில்லை.
சர்க்கரைக்கே காசைக் கொடுத்துவிட்டு
அழுக்குச் சட்டையோடு திரும்பினேன்.

சோப்பு என்று சொல்லப் பழகினேன் பிறகு.
கதைப்பதை விட்டுவிட்டுப் பேசினேன்.
'ஓம்' தொண்டைக்குள் இறங்கிக்கொள்ள
'ஆமாங்க' வெளியே வந்தது.
சுவர் வேலைதான் இதுவும்.
சுரண்டு, பட்டி வை, உப்புத்தாள் போடு,
பிரைமர் காயும்வரை பொறு.
இப்போது பஸ்ஸில் நான் வாய் திறந்தால்
யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
என் மகள் என்னைவிடச் சுத்தம்,
'இன்னாப்பா' என்பாள் அசல் கடலூர்க்காரியாக.
படிவத்தில் நாடு என்ற கட்டம் வந்தால் மட்டும்
பேனாவை என் பக்கம் நீட்டுவாள்.

பதினோரு மணிக்குப் போன் அடித்தது.
அங்கே நடுராத்திரி,
கிடங்கு வேலை முடிந்து இப்போதுதான் வந்தானாம்.
சார் ஏணிக்குக் கீழே நின்று ஸ்பீக்கரில் போட்டார்.
"உன் ரூம்தாண்டா. கலர் நீயே சொல்லு."
"வெள்ளை வேணாம்பா. இங்க வெளியெல்லாம் அதான்.
மஞ்சளா எதாச்சும் அடிக்கச் சொல்லு."
குடியிருப்பது ஒரு வீட்டின் நிலவறையில்.
வீட்டுக்காரர் சாவகச்சேரிப் பக்கமாம்,
முதல் குளிருக்குத் தன் கோட்டையே கழற்றிக் கொடுத்தவராம்.
"இருப்பா, தேத்தண்ணி கொதிக்குது. பேந்து எடுக்கறேன்."
"என்னத்தடா எடுக்கற?"
"அப்புறம்னு அர்த்தம்பா.
இங்க எல்லாரும் அப்படித்தான் கதைப்பாங்க."

போன் அணைந்தது.
சார் அண்ணாந்து என்னைப் பார்த்தார்.
"ரெண்டே வருஷம். பேச்சே மாறிடுச்சு பாருங்க.
இதெல்லாம் நிஜமா ஒட்டுமா?"
என்ன சொல்வது.
"காயணும் சார்" என்றேன்.

அவர் கடைத்தெருவுக்குப் போன பிறகு
கட்டில்கூட இல்லாத அந்த அறையில்
ஒருமுறை சொல்லிப்பார்த்தேன்:
தேத்தண்ணி.
நாலு சுவரும் திருப்பிச் சொல்லின.
இன்னொரு முறை சொன்னேன்.
இரவல் வாங்கியதுபோல் இருந்தது வாயில்.
அந்தப் பையன் நன்றாகச் சொன்னான்.

கீழ்வீட்டில் டீ ஆறுகிறதென்று கூப்பிட்டார்கள்.
வருகிறேன் என்று இறங்கினேன்.

சாயங்காலம் தணிக்கை.
ஐந்தே கால் பஸ்ஸை விட்டுவிட்டேன்,
ஓடிப்போய் வரிசையின் வாலில் நின்றேன்.
பெயர் கூப்பிட்டார்கள்.
கையைத் தூக்கினேன்.
நகக்கண்ணெல்லாம் மஞ்சள்.