நோவு

இரவு இரண்டு இருபது.
ராயக்கோட்டை சாலையில் உரக்கடைக்கு மேலே எங்கள் அறை.
நான்கு நாற்காலி, மூன்று ஹெட்செட்,
சத்தம் மட்டும் போடும் ஒரு ஏசி.
மலையூர்க் கர்ப்பிணிகளுக்கான உதவி எண்.

அழைப்பை முதலில் எடுப்பது மெஷின்.
குரலை எழுத்தாக்கி, நிறம் பூசி, வரிசையில் வைக்கும்.
சிவப்பு என்றால் ஓடு.
மஞ்சள் என்றால் கூப்பிடு.
சாம்பலைத் திறக்கவே வேண்டாம்
என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

தூக்கத்தை விரட்டத்தான் திறந்தேன்,
வேறு உயர்ந்த காரணம் எதுவுமில்லை.

பெட்டமுகிலாளத்துக்கு மேலே எங்கோ.
தகரத்தில் மழை, ஒரு நாய், ஒரு பெண்.
திரையில் எழுதியிருந்தது:
நோ. நோ. நோ.
அதற்குக் கீழே, சுத்தமான தமிழில்:
உதவி வேண்டாம் என்கிறார்.

ஹெட்செட்டை அழுத்திக் கேட்டேன்.
நோவு என்கிறாள்.
கடைசி எழுத்தை ஒவ்வொரு முறையும்
மூச்சு தின்றுவிடுகிறது.

எங்களுக்கும் நோவு, கன்னடத்திலும் நோவு.
எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்
அதே இடுப்பில்தான் பிடிக்கும்.
இங்கிலீஷுக்கு மட்டும் அது மறுப்பு.

அழைப்பு வந்து முப்பத்தொன்பது நிமிடம் ஆகியிருந்தது.
ஜீப் போய்ச் சேர்ந்தது.
தாய் பிழைத்தாள்.
மற்றதை ரிப்போர்ட்டில் எழுதினேன்,
இங்கே எழுதவில்லை.

மெஷினைக் கட்டியவர்களில் ஒருவன் வந்தான்,
குப்பத்துக்காரன், சலபதி.
திட்டுவதற்கு வாக்கியங்கள் தயாராக வைத்திருந்தேன்.
அவன் அந்த அழைப்பை ஏழு முறை கேட்டான்.
ஏழாவது முறை ஹெட்செட்டைக் கழற்றாமலே சொன்னான்:
"எங்க வீட்டுல நொப்பிம்பாங்க. அதுவும் இதுக்குத் தெரியாது."

வாக்கியங்களை மடித்து வைத்துவிட்டு
பக்கத்து நாற்காலியைக் காட்டினேன்.

முன்பு நகராட்சிப் புகார்களுக்குப் பழகிய மெஷினாம்.
"தண்ணி போயிடுச்சுங்க" என்று அழுதவளைக்
குடிநீர்ப் பிரிவுக்கு அனுப்பியிருந்தது.
சிரித்தோம்.
பிறகு சிரித்ததற்காக
இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பதினாறு நாள் உட்கார்ந்தோம்.
நொப்பி. இடுப்பு கழண்டுபோச்சு. புள்ள அசையல.
பேச்சே இல்லாமல் கட்டில் சட்டத்தைத் தட்டும் சத்தம்.
ஒவ்வொன்றுக்கும் நான் பெயர் சொல்ல
அவன் ஊட்டினான்.

கடைசி நாள் ஒன்று கேட்டேன்:
நிச்சயமில்லாத இடத்தில்
இது கேள்விக்குறி போடட்டும்.

"அழைப்புக்குப் பதினோரு விநாடி கூடும்.
மேலிடத்துல ஒத்துக்கமாட்டாங்க."

கேட்கத்தானே கட்டினீர்கள்?
கேட்கட்டும்.
தெரியாது என்று சொல்ல எனக்கே
இருபத்தாறு வயது ஆனது.

மூன்று கடிதம் போட்டான். இரண்டு நான் போட்டேன்.
குறி வந்தது,
திரை ஓரத்தில், கடுகளவு.

போன புதன்கிழமை அஞ்செட்டிப் பக்கமிருந்து ஒருவன்.
வாய் குழறுகிறது,
என்னை என்னவோ சொல்லிக் கூப்பிடுகிறான்.
எனக்குக் காது வரை கொதித்தது.
துண்டிக்கக் கை போய்விட்டது.

திரையில் ஒரு வரி:
பின்னால் இன்னொரு மூச்சு.
மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை.
நோவா?

அவன் வசவைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.
அவனுக்குப் பின்னால் இருந்த இருட்டை
அது கேட்டுக்கொண்டிருந்தது.
அதற்கு ரோஷம் கிடையாது,
அன்றைக்கு அது உதவியது.

வாயை மூடு, போனை அவளிடம் கொடு என்றேன்.
கொடுத்தான்.
ஆம் என்று அழுத்தினேன்.

டிரைவர் மாதப்பனை எழுப்புவது என் வேலை.
நாலாவது மணிக்குத்தான் எடுப்பான்,
அதுவும் அவன் பெண்டாட்டி பேரைச் சொல்லித் திட்டினால்தான்.
மெஷின் அதை இன்னும் கற்கவில்லை.
நானும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சாம்பலை இப்போதும் திறந்து பார்க்கிறேன்.
பெரும்பாலும் தவறான எண்,
மழை,
பாக்கெட்டில் அழுந்திய போனுக்குள்
யாரோ நடக்கும் சத்தம்.