நோய்: இல்லை

"உடம்புக்கு ஒண்ணுமில்லையே,
அப்புறம் எதுக்கு ரத்தம்?"
ஃபஹாஹீல் கிளினிக்கின் மூன்றாம் அறையில்
இதைக் கேட்கும் நாற்பத்தோராவது தாய், ஜம்ரூத்.

ஒன்றுமில்லாததால்தான், என்றேன்.
சொன்ன பிறகு எனக்கே அது
வட்டிக்கடைக்காரன் பேச்சுபோல் பட்டது.

மெஷினோடு வந்த தாளில்
ஏதோ குளிர்தேசத்துப் பிள்ளைகளின் எண்கள்.
இந்த வெயிலில், ஏசிக் காற்றில்,
தாய்ப்பால் பாதி டின்பால் பாதியென்று வளர்கிறவனுக்கு
எது சரியான அளவு?

வளர்ச்சி ஹார்மோனை ஒரே ஊசியில் பிடிக்க முடியாது.
டாக்ஸிக்காரன்போல வரும், போகும்,
நாம் கைகாட்டும் நேரத்தில் இருக்காது.
அதனால் அது கிளப்பிவிடும் இன்னொன்றை அளக்கிறோம்:
ஐஜிஎஃப் ஒன்று.
நாள் முழுக்க அதிகம் ஏறாமல் இறங்காமல்
ரத்தத்தில் கிடக்கும்.

மரப்புக் களிம்பு பூசி ஒரு மணி நேரம்.
தண்ணி லாரி ஓட்டுகிற அப்பா
கால் இரண்டையும் பிடித்துக்கொண்டு
முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.
தன்சீரின் அழுகை ஊசிக்கு முன்பே தொடங்கி
ஊசி வந்து போனது தெரியாமல் நீண்டது.
ஒரு மில்லி.
சுழன்று நின்றதும் சிவப்பு அடியில் தங்க
மேலே வைக்கோல் நிறத்தில் கொஞ்சம் தெளிவு.

நாற்பத்தாறு.

"நார்மலா சிஸ்டர்?"
அதைத்தான் உங்கள் மகனிடம்
கேட்டுக்கொண்டிருக்கிறோம்.
சூடான்காரர் மகள், மலையாளி இரட்டையர்,
எகிப்து டீச்சரின் கடைக்குட்டி,
களிம்பை நக்கிவிட்ட அந்த பலூச்சிப் பயல்,
இவர்களோடு இவனும் சேர்ந்தால்தான்
அந்தச் சொல்லுக்கு ஒரு மேல்கோடு,
ஒரு கீழ்கோடு.
இப்படியெல்லாம் சொல்லவில்லை.
நல்லா இருக்கான், என்றேன்.

பன்னிரண்டாம் மாதத்துக்குப் போன் போட்டேன்.
"கம்பெனி மாறிட்டேன் சிஸ்டர்.
இந்தச் சம்பளத்துக்கு
அவங்க அக்காமா அடிக்க மாட்டேங்குறாங்க.
முந்தாநாள்தான் ஏத்தி விட்டேன்."
பின்னால் லாரி ரிவர்ஸ் எடுக்கும் பீப் பீப்.
பிறகு, நான் கேட்காமலே:
"நடக்குறான்."

மைனஸ் எண்பதில், நாலாம் தட்டில்,
அவனுடைய ஆறாம் மாதம் உறைந்திருக்கிறது.
அதற்கு அடுத்த குழி காலி.
வரைபடத்தில் அவன் புள்ளியிலிருந்து
கோடு எங்கும் கிளம்பவில்லை.

படிவத்தில், நோய் என்ற கட்டத்தில்,
'இல்லை' என்று அன்றைக்கு எழுதியிருந்தேன்.
சந்தோஷமாகத்தான் எழுதியிருக்க வேண்டும்,
எழுத்து பெரிதாக இருந்தது.
இரண்டாம் வருகை என்ற கட்டத்திலும்
இன்று அதே சொல்.

ஓரத்தில், சின்னதாக,
'நடக்கிறான்' என்று எழுதி வைத்தேன்.
நாளைக்கு டாக்டர்
அலகு என்ன என்று கேட்பார்.