ஒன்று விட்டு ஒன்று

செல்லூர் மாநகராட்சிப் பள்ளி, இரண்டாம் வகுப்பு.
வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு என் கையில்.
கால அட்டவணையில் அதன் பெயர் ‘உலகம் அறிவோம்’.
என்னிடம் இருந்தது
முப்பத்தொரு பிஸ்கட் அட்டை,
திருப்பூர் பனியன் கழிவு ஒரு மூட்டை,
கலர் பிரிண்ட் எடுத்த நான்கு கம்பளங்கள்.

அட்டையின் மேலும் கீழும் பல் வெட்டிப்
பாவு இழுத்துக் கட்டினோம்.
ஒன்று எடு, ஒன்று விடு.
திரும்பி வரும்போது
விட்டதை எடு, எடுத்ததை விடு.
துளசிராம் காதில் வாங்கவே இல்லை.
தறிச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவன்,
அடுத்த பெஞ்சின் சிக்கலை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

முதல் படம் துருக்கி.
இரண்டு முக்கோணம், இரண்டு கொக்கி:
இடுப்பில் கைவைத்த பெண்.
தாய்மை, வளமை என்று குறிப்பெடுத்து வைத்திருந்தேன்.
“எங்கம்மா டீச்சர்,” என்றாள் பெனாசிர்,
“தண்ணி லாரி வராத அன்னைக்கு.”
குறிப்பை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

மொராக்கோவை யாரும் சட்டை செய்யவில்லை.
நவஹோ நெசவின் படிப்படியான கோட்டைத்
தெப்பக்குளம் என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள்.
அமெரிக்கா என்றேன்.
“அங்கிட்டும் இருக்கும்ல?”

நான்காவது ஆப்கானிஸ்தான்.
சிவப்பில் வரிசை வரிசையாய்ப் பூ.
பிரிண்ட் எடுத்தபோது அப்படித்தான் தெரிந்தது.
ஒச்சப்பன் மூக்கு தாளில் உரசக் குனிந்தான்.
“பூ இல்ல டீச்சர், ஹெலிகாப்டரு.
இந்தா டாங்கி. இந்தா துப்பாக்கி.”
வகுப்பே என் மேசைக்கு வந்துவிட்டது.
“கம்பளத்துல எதுக்கு ஹெலிகாப்டரு?”
“நெஞ்சவங்க தலைக்கு மேல அதான் பறந்துச்சு.”
“குண்டு போட்டுச்சா?”
“போட்டுச்சு.”
“பிள்ளைங்க?”
பெல் அடிக்காதா என்று வாசலைப் பார்த்தேன்.
பத்து நிமிடம் மிச்சம் இருந்தது.

தர்ஷணா மட்டும் இடத்தை விட்டு எழவில்லை.
ஒன்று எடுத்து ஒன்று விட்டபடி
யாரையும் பார்க்காமல் சொன்னாள்:
“எங்க ஒன்னுவிட்ட அண்ணன் மஸ்கட்ல இருக்கு.
அதுக்குப் பக்கமா அந்த ஊரு?”
மேப்பில் வைத்துக் காட்டினேன்.
இரண்டு விரற்கடை.
“அப்ப அந்தப் பிள்ளைங்களும் ஒன்னுவிட்டதுதான்,”
என்று பெனாசிர் கணக்கை முடித்துவிட்டுப்
பச்சை நூலுக்குச் சண்டை போடப் போனாள்.

பிப்ரவரியில் கண்காட்சி.
முப்பத்தொன்றில் ஏழு தேறியது,
நான்கு வழியிலேயே அவிழ்ந்தது,
ஒன்றை ஆடு தின்றதாகத் தகவல்.
வட்டாரக் கல்வி அலுவலர் கைகட்டிச் சுற்றிவந்து
ஒச்சப்பனின் அட்டை முன்னால் நின்றார்.
சிவப்பு பனியன் துணியில் ஏழெட்டுக் கறுப்புக் கொத்து.
“பூ அழகா வந்திருக்கே.”

நான் வாயைத் திறப்பதற்குள்
அவன் அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தான்:
“நல்லாக் குனிஞ்சு பாருங்க சார்.”