பன்னிரண்டு ரூபாய் போல்ட்

பாலம் ஏறும்போது மூச்சு வாங்குது என்றார் பிலோமினா.
கடிலம் பாலம் ஒன்றும் மலையல்ல.
தொண்ணூற்றொன்பது மாடல், வெளுத்த பச்சை,
ஓ.டி.யிலிருந்து ஜிப்மருக்கு வாரம் ஆறு நாள்,
பெரும்பாலும் நைட் டியூட்டி.

கன்னியக்கோயிலில் போட்ட மலிவு பெட்ரோல்தான்
என்றது ஒரு பட்டறை.
பிளக் நாலையும் மாற்றியது இன்னொன்று.
வில்லியனூர்க்காரர் சொன்னாராம்:
நாக் சென்சார் ஒயரை வெட்டிடுங்க,
சனியன் விட்டுது.

நான் வெட்டவில்லை. மாற்றினேன்.
நாலாயிரத்து எண்ணூறு ரூபாய்,
சென்னையிலிருந்து பஸ் பார்சல்.
பிளாக்கின் முதுகில் இரண்டு விரல் மட்டும் போகும் சந்தில்
முழங்கை தோல் உரிய முடுக்கினேன்.
பாலத்தில் அதே திணறல்.
ரியர்வியூ கண்ணாடியை நான் பார்க்கவில்லை,
பின்சீட்டில் அவர் இருந்தார்.

மழை கட்டிய சாயங்காலம்
ஷட்டரைப் பாதி இறக்கி டைமிங் லைட்டை எடுத்தேன்.
நிமிடத்துக்கு எண்ணூறு சுற்று சுற்றும் புல்லியில்
வொயிட்னரால் போட்ட கோடு
ஒவ்வொரு மின்னலுக்கும் அதே இடத்தில் நின்றது,
எதுவுமே ஓடாதது போல.

ஸ்பேனரால் பிளாக்கை லேசாகத் தட்டினேன்.
கோடு பின்வாங்கியது.
நிறுத்தினேன். தயங்கித் தயங்கித் திரும்பி வந்தது.
சரி, காதுக்கு ஒன்றுமில்லை.
பிறகு தட்டாமலே ரேஸ் கொடுத்தேன்.
இரண்டாயிரத்து நானூறில்
மறுபடி பின்வாங்கல்.
யார் தட்டியது?

நீள ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்து நான் குனிந்திருக்க,
தள்ளுங்க என்றார்.
துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி
கைப்பையிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார்.
ஹெட், பிளாக், இன்டேக்.
மூச்சை இழுத்து விடு என்று சொல்லாததுதான் பாக்கி.
ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டில் கை நின்றது.

"சத்தம் இந்த பேஷண்ட் இல்ல.
பக்கத்து பெட்."

தலை நன்றாகத்தான் இருந்தது அந்த போல்ட்டுக்கு.
கழுத்தை உப்புக்காற்று தின்றிருந்தது.
அது ஆடிய ஆட்டத்தை
சிலிண்டருக்குள் வெடித்த அகால வெடியென்று நம்பி
பொறியைத் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கிறது கம்ப்யூட்டர்,
எட்டு டிகிரி, பத்து டிகிரி,
வராத ஆபத்திலிருந்து பிஸ்டனைக் காப்பாற்ற.

புது போல்ட் பன்னிரண்டு ரூபாய். வாஷர் சும்மா.

பாலத்தை மூன்றாம் கியரில் அவரே ஏற்றினார்.
ஆற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:
"அப்ப பழைய சென்சாரும் நல்லாதானே இருந்துச்சு?"
ஆமாம் என்றேன்.
மின்பொருளைக் கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டான்.
பில்லில் அந்த வரியை அடித்தேன்,
அவர் பாதியைத் திரும்ப எழுதினார்.
இருவருக்கும் கையெழுத்து மோசம்.

பழையது என் மேஜை டிராயரில் கிடக்கிறது.
இழுத்து மூடும்போதெல்லாம் ஒரு டக்.
அதற்கும் கேட்டிருக்கும்.
பிந்தவைக்கத்தான்
அதனிடம் இப்போது எதுவுமில்லை.