சாய்கோடு

ஏப்ரல் கடைசி. தரமணியில் ஆறாவது மாடி.
தண்ணீர் லாரிக்குப் பதிவு செய்யும் செயலியில்
தடங்கலுக்கு வருந்துவது என் உத்தியோகம்.
எல்லாம் சரியாகப் போனால் என்னை யாரும் படிப்பதில்லை.
கோணலாகும்போதுதான்
சிவப்பு எழுத்தில் வெளியே வருவேன்.

'தவறான உள்ளீடு.'
போன வருஷம் எழுதியது. இரண்டே சொல்.
பெட்டிக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது.
டிசைனர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.
கீழே போய் டீ குடித்தோம்.

நேற்று முபீன் லாக் கோப்பைத் திறந்து
"இதைக் கொஞ்சம் பாரேன்" என்றான்.
புளியந்தோப்பு. இரவு பதினொன்று ஐம்பது.
பெயர் குலாபி. கதவு எண் கட்டத்தில்:

14/37
தவறான உள்ளீடு.
14 / 37
தவறான உள்ளீடு.
37/14
தவறான உள்ளீடு.
புது 14 பழைய 37
தவறான உள்ளீடு.
பதினாலு
தவறான உள்ளீடு.

இந்த ஊரில் பாதிக் கதவுகளுக்கு இரண்டு எண்.
புதிதாய் ஒன்று கொடுத்தார்கள்,
பழையது போக மறுத்துவிட்டது.
நடுவில் ஒரு சாய்கோடு போட்டு
இரண்டையும் வைத்துக் குடித்தனம் நடத்துகிறோம்.
எங்கள் நிரலுக்கு மட்டும் சாய்கோடு ஆகாது.
ஏன் ஆகாது என்று கேட்க ஆளில்லை,
எழுதியவன் பெங்களூர் போய்விட்டான்.

பன்னிரண்டாம் முறை வெறும் ஒரு புள்ளி.
விரல் பட்டிருக்கலாம்.
பதினாறாம் முறை, அதே கட்டத்தில்:

அண்ணா மூணு நாளா தண்ணி இல்ல
எது தப்புன்னு சொல்லுங்க

ஒரு நொடிகூடத் தாமதமில்லை.
பதில் போயிருக்கிறது,
என் இரண்டு சொல்.

அந்நேரம் நான் ஆதம்பாக்கத்தில்
ஃபேனை ஐந்தில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

இன்று காலை அதை அழித்துவிட்டு எழுதினேன்:
'கதவு எண்ணில் சாய்கோடு இருந்தால்
எங்களால் படிக்க முடியவில்லை.
புது எண்ணை மட்டும் போடுங்கள். உதாரணம்: 14.
நீங்கள் நிரப்பிய மற்ற விவரங்கள் அப்படியே இருக்கின்றன.'

'எங்களால்' என்ற ஒரு சொல்லுக்கு
முக்கால் மணி நேரக் கூட்டம்.
"கம்பெனியே தப்பை ஒத்துக்கிற மாதிரி இருக்கே"
என்றார் ரெஜினால்ட்.
"மாதிரி இல்ல சார்" என்றேன்.
நாற்பது எழுத்தைத் தாண்டினால்
பெட்டி உடையும் என்றாள் டிசைனர்.
உடையட்டும் என்று சொல்ல வாயெடுத்து,
கொஞ்சம் பெரிசாக்க முடியுமா என்று கேட்டேன்.

அதுவரை நகம் கடித்துக்கொண்டிருந்த இந்துஜா
"சாய்கோட்டை உள்ள விட்டா போச்சு" என்றாள்.
ஒரே வரி. நாலரைக்குள் திருத்தி ஏற்றிவிட்டாள்.

ஆக, நான் எழுதியதை
இனி ஒருவரும் படிக்கப் போவதில்லை.
நல்லதுதான்.
கொஞ்சம் வருத்தமும் இருந்தது, மறைப்பானேன்.

பதினேழாம் முறை என்று ஒன்று இல்லை.
குலாபி வேறெங்காவது கேட்டு வாங்கினாரா,
குடத்தோடு எவர் வீட்டு வாசலிலாவது நின்றாரா,
லாக் கோப்புக்குத் தெரியாது.

இரவு வீட்டு வாசலில்
செல்போன் வெளிச்சத்தில் சாவி தேடினேன்.
சுவரில் நீலப் பெயிண்ட்: 9, பக்கத்தில் 22.
நடுவே யாரோ பிரஷ்ஷை இழுத்த கோடு
கீழ்நுனியில் கொஞ்சம் வழிந்து
அப்படியே காய்ந்திருந்தது.