நூற்றித் தொண்ணூற்று நான்கு

டிக்கோயா கிளினிக்கில் என் பெயரைக் கூப்பிட
பத்தரை ஆகிவிட்டது.
அதற்குள் ஒரு நாள் பேர் போய்விட்டது.

"தினமும் நடக்க வேணும்" என்றார் டொக்டர்,
கொப்பியிலிருந்து கண் எடுக்காமல்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ஏழாம் நம்பர் மலையில்
இடுப்பில் படங்கு கட்டி, கூடை சுமந்து
இருபத்தாறு வருசமாக வேறென்ன செய்கிறேன்?
நடந்து கரைவதென்றால்
எலும்பும் கரைந்திருக்கும் இந்நேரம்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.
கறை ஏறிய விரல், ஒட்டிய வயிறு,
கொப்பியில் எல்டிஎல் நூற்றித் தொண்ணூற்று நான்கு.
பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்:
"குடும்பத்தில் யாருக்கும் நெஞ்சுவலி?"

அண்ணன் மருதவீரன், நாற்பத்திரண்டு வயசு,
கினிகத்தேனையில்
மரக்கறி லொறிக்கு மூட்டை ஏற்றும்போது.
அப்பா அதற்கும் முந்தி, முப்பத்தொன்பதில்,
பீலியடியில்.
உச்சிவெயிலில் முனி அடித்தது என்றார்கள்.
கோழி அறுத்தோம், கயிறு கட்டினோம்.
முப்பது வருசம் கழித்து
முனிக்கு மூன்று எழுத்தில் பேர் தெரிந்தது.

தேங்காயைக் குறைக்கச் சொன்னார்.
ஆறு பேர் ரொட்டிக்கு அரை மூடி போடுகிற வீடு;
அதையும் குறைத்தால் வெறும் மாவு.
பாணுக்குப் பூசும் மாஜரினை விட்டேன்.
டவுனுக்குப் போனால் வாங்கும் ரோல்ஸை விட்டேன்.
பருப்பைத் தடிப்பாக வைக்கிறேன், கௌபி அவிக்கிறேன்.
குரக்கன் ரொட்டியைத் தொட்டுப் பார்த்து
"மண்ணாம்மா?" என்கிறாள் சின்னவள்.
சம்பள ஞாயிறு கோழியில்
தோலை உரித்து நாய்க்குப் போடும்போதுதான்
நெஞ்சு உண்மையாகவே வலிக்கிறது.

ராத்திரிக்கு ஒரு குளிசை.
ஆஸ்பத்திரியில் முடிந்துபோன மாதம்
ஹட்டன் பாமசியில் பத்துப் பத்தாக வாங்கினேன்.
பாதியாய் உடைத்து நாளைக் கூட்டப் பார்த்தேன்.
மிஸ்ஸி கண்டுபிடித்து ஏசினார்,
நியாயமாகத்தான்.

மூன்று மாதத்தில் நூற்றி இருபத்தெட்டு.
"இன்னும் இறங்க வேணும்" என்கிறார்.
இறக்கம்தான் ஐயா முழங்காலுக்குக் கஷ்டம்,
மலையில் யாரையும் கேளுங்க.

நேற்று மகனுக்குப் போன் எடுத்தேன்.
வெள்ளவத்தையில் கொத்துரொட்டிக் கடை.
"குணதீபா, வெறும் வயித்தோட போய்
ஒருக்கா ரத்தம் குடுத்துப் பாரு.
உன் தாத்தா, உன் மாமன்..."
"என்னம்மா? கேக்கல்ல."
தகரத்தின் மேல் இரண்டு கத்தி
ஓயாமல் கொத்திக்கொண்டிருந்தது.

அது நிற்கும் வரை
போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.